மேசை மேல் ஓடிய ரயிலை நான் நிறுத்தப் போனது

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மகளுக்கு இரண்டு வரிக் கடிதமும், ரயில்வே கேட்டு நோட்டில் எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது என்பதும் மட்டும்தான். பங்குச் சாமியார் மூன்று ஞாயிற்றுக்கிழமை விடாமல் கேட்டார், பிரான்சுக்குப் போய் வந்ததைப் கோவில் இதழான பங்கு மலருக்கு நாலு பக்கம் எழுதுங்கள் என்று. பூசை முடிந்து மைக்கில் பேசச் சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் எழுத ஒத்துக்கொண்டேன். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பது கொஞ்சம் மறந்துபோகிறது. ஊர்ப் பெயர்கள் நாக்கில் நிற்பதில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்தது பண்டசோழநல்லூர், வாழ்க்கைப்பட்டது வில்லியனூர். ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கிற லெவல் கிராசிங்கில் வீட்டுக்காரர் கேட் கீப்பர். அவர் காலமானதும் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். பதினேழு வருஷம் பார்த்தேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் போய் ஊருக்கெல்லாம் கேட்டம்மா ஆகிவிட்டேன்.

ஒரே மகள் பிலோமினா. புதுச்சேரியில் படித்து, உதவித்தொகை கிடைத்து பிரான்சுக்குப் போனாள். அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில், ரயிலும் பஸ்ஸும் தானாக ஓடுவது எப்படி, தானாக நிற்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற துறை ஒன்று இருக்கிறது. அதில் நாலு வருஷமாக ஆராய்ச்சி. என்ன ஆராய்ச்சி என்று கேட்டு எழுதினேன். ஆள் இல்லாமலே ரயில்வே கேட்டை மூடித் திறக்கிற மிஷின் என்று பதில் வந்தது. 'பெத்தவ வேலைக்கே உலை வெக்கிறியாடி' என்று எழுதினேன். 'நீ ரிடையர் ஆன பிறகுதான்மா முடியும், பயப்படாதே' என்று எழுதினாள். அப்படியே ஆனது. நான் ரிடையர் ஆன அடுத்த அக்டோபரில் அவளுக்கு டாக்டர் பட்டப் பரீட்சை. பெரியவர்கள் நாலு பேர் எதிரில் மிஷினை ஓட்டிக் காட்டி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்த மாதத்தோடு உதவித்தொகையும் முடிகிறது. தேறினால் அதே துறையில் வாத்தியார் வேலை. தேறாவிட்டால் வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டும். 'நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்' என்று எழுதியிருந்தாள். நான் போனது அதற்குத்தான், ஊர் பார்க்க இல்லை.

கிளம்புகிற அன்றைக்கு மார்க்கெட்டில் மீன்கார செல்வி சத்தமாகவே கேட்டாள்:

"இன்னா கேட்டம்மா, சீமைக்குப் போறியாமே. அங்க போயும் எவன் வூட்டு வாசலயாவது மூடிக்கினு நிக்காத."

கூடை வைத்திருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் வாளைக் கருவாட்டைக் கட்டச் சொல்லி வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி வந்துவிட்டேன்.

போய் இறங்கியது சனிக்கிழமை. குளிர் என்றால் அது ஒரு குளிர். மார்கழி விடியலில் பாகூர் ஏரிக்கரையில் நனைந்த துணியோடு நின்றால் எப்படி இருக்குமோ, அது அங்கே மத்தியானத்தில் இருக்கிறது. பிலோமினாவுக்கு மூன்றாவது மாடியில் ஒரு அறை. அவள் மெலிந்திருந்தாள். கேட்டதற்கு, பரீட்சை முடியட்டும்மா, தின்றுகொள்கிறேன் என்றாள். அன்றைக்குக் கருவாடு வறுத்தோம். பாதி வறுபடும்போதே கதவைத் தட்டுகிற சத்தம். எதிர்வீட்டுக் கிழவர், கையில் ஈரத் துணியோடு நிற்கிறார். ஏதோ எரிகிறது என்று அணைக்க வந்திருக்கிறார். பிலோமினா விளக்கிச் சொன்னதும் ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றார். கண் கலங்கியது. மறுநாள் அவர் பதிலுக்கு ஒரு பாலாடைக்கட்டி கொண்டுவந்து கொடுத்தார். அதை மூடி வைத்தாலும் மாடிப்படி வரை மணக்கிறது. அவர் என் கருவாட்டைப் பொறுத்துக்கொண்டார் என்பதற்காக நானும் அதில் ஒரு நகக்கண் அளவு தின்றேன். கண் கலங்கியது.

ரொட்டி மட்டும் எனக்கு ஒத்துப்போனது. நம் புதுச்சேரி ரொட்டிதான், நீளம் மூன்று மடங்கு. ஆணும் பெண்ணும் அதைக் கம்பு மாதிரி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள், காகிதம்கூடச் சுற்றுவதில்லை.

ஞாயிறு பூசைக்குப் போனோம். கோவில் நம்முடையதைப் போல நாலு மடங்கு. ஜனம் எண்ணிப் பார்த்தேன், பதினொரு பேர். பூசை முடிந்ததும் அந்த ஊர்ச் சாமியார் கை கொடுத்தார். எங்கள் ஊரில் லூர்து மாதா கோவில் இருக்கிறது, திருவிழாவுக்கு ரோட்டில் நடக்க இடம் இருக்காது என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்து, இங்கே கொஞ்சம் பேரை அனுப்பி வையுங்கள் என்றாராம். எல்லாரும் என்னைக் கேட்கிறீர்கள், மாதா காட்சி கொடுத்த நிஜ லூர்துக்குப் போனீங்களா என்று. போகவில்லை. அது அந்தத் தேசத்தின் மறுகோடியில் இருக்கிறது.

திங்கட்கிழமைதான் அந்த ஊர் ரயிலில் ஏறினது. பூமிக்கு அடியில் ஓடுகிறது. அதற்கு டிரைவர் கிடையாது. நான் முதலில் நம்பவில்லை. முன்பக்கம் போய்ப் பார்த்தேன். டிரைவர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு மிட்டாய் தின்கிறார்கள். பிளாட்பாரத்துக்கும் கண்ணாடிச் சுவர். ரயில் வந்து நின்றால் ரயில் கதவும் சுவர்க் கதவும் ஒன்றாகத் திறக்கும், ஒன்றாக மூடும்.

இறங்க வேண்டிய இடத்தில் பிலோமினா முன்னால் இறங்கினாள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக் காலை வைப்பதற்குள் கதவு மூடிவிட்டது. அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையை ஆட்டுகிறாள், நான் இந்தப் பக்கம். ரயில் கிளம்பிவிட்டது. நம் ஊர் பஸ் என்றால் நாலு பேர் பலகையைத் தட்டுவார்கள், கண்டக்டர் விசில் கொடுப்பார், திட்டிக்கொண்டாவது நிறுத்துவார்கள். இங்கே திட்டக்கூட ஆள் இல்லை.

எதிரில் ஒரு வயதான அம்மாள். தலையில் முக்காடு, மோவாயில் பச்சை குத்தியிருந்தது. அல்ஜீரியா தேசத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. என் முகத்தைப் பார்த்ததுமே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் என்னை இழுத்துக்கொண்டு இறங்கினார். பெஞ்சில் உட்கார வைத்து, பையிலிருந்து ஒரு கமலாப்பழம் எடுத்து உரித்துச் சுளை சுளையாகக் கொடுத்தார். பழம் தீருவதற்குள் அடுத்த ரயில் வந்தது. பிலோமினா ஓடி வந்தாள். இரண்டு பேரும் பிரெஞ்சில் கொஞ்ச நேரம் பேசினார்கள்.

"இன்னா சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"நீ அழுவலையாம், ஆனா அவங்க வெரல நசுக்கிட்டியாம். எந்த ஊருன்னாங்க, வில்லியனூருன்னேன். பாரிசுக்கு அந்தாண்டையா இந்தாண்டையான்னு கேக்கறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ரொம்ப அந்தாண்டன்னேன்."

செவ்வாய்க்கிழமை என்னைத் துறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ரயில்வே ஆபீஸ் மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். நம் தொழிற்பயிற்சிப் பள்ளி மாதிரி இருந்தது. எங்கே பார்த்தாலும் ஒயர், விளக்கு, எண்ணெய் வாடை. ஒரு வகுப்பில் வாத்தியார் சுவர் நிறைய சிக்னல் விளக்குகளை வைத்து, பிள்ளைகள் பார்க்காதபோது ஒரு பல்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்று சிரிக்கிறார். ஒரு பல்பு ஃபியூஸ் போனால் வண்டிக்கு என்ன ஆகும் என்பது கேள்வி. பாஷை தெரியாமலே எனக்குப் புரிந்த ஒரே பாடம் அதுதான். இன்னொரு அறையில் நாற்சந்தி விளக்கு எத்தனை நொடி எரிய வேண்டும் என்று இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிலோமினாவின் பேராசிரியர் முசே லெரூ. முசே என்றால் நாம் ஐயா என்கிற மாதிரி. கோட்டெல்லாம் சாக்பீஸ் தூள். அங்கே ஒயர் பற்ற வைக்கிற வேலை மதாம் ஒதெத் என்கிற பருத்த அம்மாள் செய்கிறார். ஈயம் உருக்குகிற கோலை ஒரு கையிலும் காப்பியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு எனக்கு வணக்கம் சொன்னார்.

பெரிய கூடம். அதன் நடுவில் நம் பந்தி மேசைகளை ஐந்தாறு சேர்த்துப் போட்ட மாதிரி ஒரு நீள மேசை. அதன் மேல் தண்டவாளம், காகிதத்தில் செய்த குன்று, ரோடு, ரோட்டுக்குக் குறுக்கே கேட்டு. ரயில் முழ நீளம் இருக்கும். பிலோமினா ஒரு பொத்தானை அழுத்தினாள். ரயில் குன்றைச் சுற்றி வந்தது, மணி அடித்தது, கேட்டுக் கம்பு தானாக இறங்கியது, ரயில் போனது, கம்பு ஏறியது.

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வேலையில் கேட்டை மூடிவிட்டேன் என்று வாயால் சொன்னால் செல்லாது. அச்சடித்த நம்பர் தாள் ஒன்று கொடுத்திருப்பார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கேட்பார். கேட்டை என் கையால் பூட்டிய பிறகு அந்தத் தாளில் அடுத்து இருக்கிற நம்பரைச் சொல்லி, அதை அடித்துவிட வேண்டும். நம்பர் வந்தால்தான் சிக்னல் இறங்கும்.

"இங்க யாருடி நம்பர் சொல்றது?"

"மிஷினே சொல்லும்மா. கேட்டாண்ட ஒன்னு, ரயில்ல ஒன்னு. அது கேக்கும், இது சொல்லும்."

"சொல்லலன்னா?"

"ரயில் தானா பிரேக் போட்டுக்கும்."

"நெசமாவா?"

"அதுக்குதாம்மா நாலு வருசம்."

தலையை ஆட்டினேன். காது கேட்டுக்கொண்டது. கால் கேட்டுக்கொள்ளவில்லை என்பது வியாழக்கிழமைதான் தெரிந்தது.

வியாழக்கிழமை பரீட்சை. அதே கூடத்தில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பரீட்சை வைக்கிறவர்கள் நாலு பேர். தலைவர் பாரிசிலிருந்து வந்தவர், ஒல்லி. சாயங்கால ரயிலுக்குத் திரும்ப வேண்டும் என்று வந்ததிலிருந்து கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். பார்க்க வந்தவர்கள் இருபது பேர் இருக்கும். பிலோமினா என்னை மேசைக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தாள், பேசும்போது என் முகம் தெரிய வேண்டும் என்று. கோட்டு போட்டு, மேலே முந்தானையைத் தொங்கவிட்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் பேசினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு இடத்திலும் திக்கவில்லை. பிறகு ரயிலை ஓட்டினாள். மூன்று முறை கேட்டு இறங்கியது, ஏறியது. நான் ஜெபமாலையை விரலில் சுற்றிக்கொண்டேன்.

நாலாவது சுற்றில் தலைவர் எழுந்து மேசைக்குப் போனார். கேட்டுக்குப் போகிற ஒரு சுவிட்சைத் தானே அணைத்தார். ஒரு பொம்மை லாரியை எடுத்து நட்டநடுத் தண்டவாளத்தில் வைத்தார். கேட்டு கெட்டுப்போனால் ரயில் தானாக நிற்கிறதா என்று பார்க்கிற பரீட்சை அது. அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, எனக்கும் அந்த நேரத்தில் தோன்றவில்லை. மணி அடித்தது. கம்பு மேலேயே நிற்கிறது. லாரி தண்டவாளத்தில் நிற்கிறது. ரயில் குன்றுக்குப் பின்னாலிருந்து வருகிறது.

கேட்டு மூடவில்லை என்றால் கேட் கீப்பர் ரயில் வருகிற பக்கம் ஓட வேண்டும். கையில் கொடி இல்லை என்றால் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். இதுதான் விதி. நான் எழுந்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "நிறுத்து, நிறுத்து" என்று தமிழில் கத்தியபடி மேசை ஓரமாக ஓடினேன். நாலு எட்டு வைத்திருப்பேன். முந்தானை ஒரு ஒயர்க் கட்டில் மாட்டி இழுத்தது. படக்கென்று ஒரு சத்தம். மேசை மேலிருந்த விளக்கெல்லாம் அணைந்தது. ரயில் லாரிக்கு ஒரு சாண் முன்னால் நின்றிருந்தது.

தீய்ந்த வாடை வந்தது. மதாம் ஒதெத் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்து, உள்ளே ஒரு பலகை கருகிவிட்டது, நாளைக்குத்தான் சரி செய்ய முடியும் என்றார்.

பிலோமினா என்னைத் திட்டவில்லை. "அம்மா, உக்காரு" என்றாள். அவ்வளவுதான். அதற்கு நாலு அடி கொடுத்திருக்கலாம்.

தலைவர் சொன்னதை அவள் பிறகு எனக்குச் சொன்னாள். உங்கள் மிஷின் பிரேக் போட்டு ரயில் நின்றதா, மின்சாரம் போனதால் நின்றதா, எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது என்றாராம். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பர் கொடுத்திருக்க மாட்டேன்.

முசே லெரூ எழுந்து ஏதோ சொன்னார். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைவர் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து என் எதிரில் போட்டு உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார். பிலோமினா தமிழில் சொன்னாள்:

"நீதான் கிட்ட இருந்தியாம். நீ எழுந்திரிக்கும்போது ரயில் அதே வேகத்துல வந்துச்சா, கொறைஞ்சு வந்துச்சான்னு கேக்கறாங்க."

ஆண்கள் நாலு பேர் கூடினால் நான் உள்ளே போய்விடுகிறவள். அத்தனை பேரும் என் வாயையே பார்க்கிறார்கள். குறைந்து வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் டாக்டர். அது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். அவள் கேள்வியை மட்டும் சொல்லிவிட்டு வேறு எதுவும் சொல்லாமல் நின்றாள். எனக்கு என் கேட்டு ஞாபகம் வந்தது. ஒரு முறை கரும்பு வண்டி ஒன்று தண்டவாளத்தை விட்டு நகருவதற்குள் ஸ்டேஷன் மாஸ்டர் அவசரப்பட்டு நம்பர் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ரயில் அரை மணி நேரம் சிக்னலுக்கு வெளியே நின்றது, எனக்கு மெமோ வந்தது. அப்போது கஷ்டமாக இல்லை. இப்போது கஷ்டமாக இருந்தது.

"பாக்கலங்க" என்றேன். "நான் கேட்டத்தான் பாத்தேன். ரயில பாக்கல."

அவள் ஒரு நொடி என்னையே பார்த்தாள். பிறகு அப்படியே சொன்னாள். அப்படியேதான் சொன்னாள் என்பது எனக்கு எப்படித் தெரியும் என்றால், தலைவர் 'சரி' என்பது போலத் தலையாட்டிவிட்டு நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்கள். அப்போது மதாம் ஒதெத் மேசைக்கு அடியிலிருந்து, "இது ஓடிக்கொண்டேதான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு எழுந்தார். கையில் ஒரு நீளக் காகிதச் சுருள். ஜிப்மர் ஆஸ்பத்திரியில் இருதயத்துக்கு வைத்துக் கோடு எடுப்பார்களே, அந்த மாதிரி. ரயிலின் வேகத்தை ஒரு பேனா அதில் கோடாக இழுத்துக்கொண்டே இருக்குமாம். அதற்குத் தனி பேட்டரி, அதனால் நிற்கவில்லை. பதற்றத்தில் எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள்.

மேசை மேல் விரித்தார்கள். என்னையும் கூப்பிட்டுக் காட்டினாள். கோடு மேலே சமமாக வருகிறது. பிறகு கூரை சரிகிற மாதிரி சரிகிறது. அந்தச் சரிவின் நடுவிலே செங்குத்தாக ஒரு வெட்டு விழுகிறது.

"இந்த வெட்டு உன் முந்தான" என்றாள் பிலோமினா. "இந்தச் சரிவு என் பிரேக்கு."

சரிவு முதலில். வெட்டு பிறகு. மிஷின் எனக்கு முன்னாலேயே நிறுத்த ஆரம்பித்துவிட்டது.

தலைவர் அடிக்கோலை வைத்து அளந்தார். கரும்பலகைக்குப் போய், நான் குறுக்கே வராமல் இருந்தால் அந்தச் சரிவிலேயே ரயில் எங்கே நின்றிருக்கும் என்று கணக்குப் போட்டார். இன்னொருவர் அதை அழித்து வேறு கணக்குப் போட்டார். முசே லெரூ இரண்டையும் அழித்தார். மூன்று கணக்கிலும் ரயில் லாரிக்கு முன்னாலேயே நின்றது. பிறகு நாலு பேரும் பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிலோமினா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் என் முந்தானையை எடுத்து, கிழிந்த இடத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்ததும் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தலைவர் ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"இன்னாடி சொல்றாங்க?"

"இரும்மா."

"இன்னாடி?"

"டாக்டருன்றாங்கம்மா" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு மூக்குக் கண்ணாடி நனைந்துவிட்டது. கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். ஆகவே யார் யார் கை கொடுத்தார்கள் என்று சொல்லத் தெரியவில்லை.

கேக்கு கொடுத்தார்கள். தலைவர் ஊருக்குப் போகிற ரயிலை விட்டுவிட்டார். அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. என்னிடம் வந்து, நான் செய்த மாதிரியே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, ஏன் இரண்டு கை என்று கேட்டார்.

"ஒரு கையத் தூக்குனா, யாரோ டாட்டா காட்டறாங்கன்னு டிரைவரும் டாட்டா காட்டிட்டுப் போயிடுவாருங்க" என்றேன். பிலோமினா சொன்னதும் கூடமே சிரித்தது. அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்து, நான் உள்ளே ஓடாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

அவள் இப்போது அங்கேயே வாத்தியார். பல்பைக் கழற்றிவிட்டுக் கேள்வி கேட்கிறது இனி அவள் முறை. நான் அடுத்த வாரம் ஊர் வந்து சேர்ந்தேன். கருவாட்டு வாடை இல்லாத வீடு தனக்கு ஒரு மாதிரியாக இருந்தது என்று எழுதியிருக்கிறாள்.

சாமி, இதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். பழத்தின் பெயர், கிழமை இதெல்லாம் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. காகிதத்தில் அந்தச் சரிவு ஆரம்பித்த இடத்துக்கும் என் வெட்டு விழுந்த இடத்துக்கும் நடுவில் எவ்வளவு இருந்தது என்பதை நான் எழுதவில்லை. ஒரு விரற்கடை என்று எனக்கு ஞாபகம். ஆனால் ஈரக் கண்ணோடு பார்த்தது. பிலோமினா விலாசம் உங்களிடம் இருக்கிறது, தாள் அவளிடம் இருக்கிறது. அளந்து எழுதச் சொல்லி அந்த அளவையே போடுங்கள். நான் சொன்னேன் என்பதற்காக அரை விரல்கூடச் சேர்த்துப் போட வேண்டாம்.